காய் பிடிக்காத பூ

அதை வாங்காதீங்க சார். ஏம்பா, சாருக்கு வேணாம், நீ அடுத்த சீட்டைப் பாரு. கோவிச்சுக்காதீங்க. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல விக்கிற வெள்ளரிப்பிஞ்சை நான் குறை சொல்லலை. என் கால்கிட்ட ஒரு கட்டைப்பை இருக்கு பாருங்க, அது முழுக்க வெள்ளரிக்காதான். எங்க வீட்டு மாடியில காய்ச்சது. இவ்வளவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, நீங்க காசு கொடுத்து வாங்குறதைப் பார்த்துக்கிட்டு இருக்க எனக்கு மனசு வரலை.

இல்லை, இதுல இருந்து எடுத்துத் தர முடியாது. இது சாட்சி. சாட்சியை யாராவது உப்பு மிளகாய்ப்பொடி போட்டுத் திம்பாங்களா?

திருத்தங்கல் போறேன், சம்பந்தி வீட்டுக்கு. நீங்க? சிவகாசியா? அப்ப எனக்கு அப்புறம்தான் இறங்குவீங்க. நல்லதாப் போச்சு, முழுசும் சொல்லிடலாம். அரைகுறையாக் கேட்டா என்னைத் தப்பா நினைச்சுக்குவீங்க.

முதல்ல என் காதைப் பார்த்துச் சிரிக்கிறதை நிறுத்துங்க. சிரிக்கலையா? சரி, சிரிக்கலை. இது சாமிப் பூ. பூஜை முடிஞ்சதும் ஒரு பூவை எடுத்துக் காதுல வச்சுக்கிறது என் வழக்கம். சர்வீஸ்ல இருந்தப்பவும் அப்படித்தான். நான் செக்கிங் இன்ஸ்பெக்டர், இதே மாதிரி பஸ்ஸுலதான். காதுல பூ வச்ச செக்கர்னு டிப்போவுல எனக்குப் பேரு. பேருதான் அப்படியே தவிர, என் காதுல பூ சுத்தின பாசஞ்சர் ஒருத்தன் கிடையாது.

அது ஒரு வித்தை சார். பஸ்ஸை மறிச்சு ஏறின உடனே டிக்கெட்டைக் கேட்க மாட்டேன். சும்மா நிப்பேன். டிக்கெட் எடுத்தவன் என்னைப் பார்ப்பான். எடுக்காதவன் பக்கத்து ஆளைப் பார்ப்பான், என்னமோ அவன்தான் எடுக்காத மாதிரி. நேராப் போயி அவன்கிட்ட கையை நீட்டுவேன். தப்பினதே கிடையாது. எதுக்குச் சொல்றேன்னா, ஒரு குத்தம் நடந்தா அதை யாரு செஞ்சான்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளு நான். இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

என் பேரு தெய்வேந்திரன். திருநகர்ல சொந்த வீடு. சம்சாரம் விசாலம் போய்ச் சேர்ந்துட்டா. நான், மகன் பாலமுரளி, மருமக யோகேஸ்வரி, மூணே பேருதான் வீட்டுல. மருமக ஸ்கூல் டீச்சர். நல்ல பொண்ணு. அதை நான் என்னைக்கும் இல்லைன்னு சொன்னதில்லை. காலையில அவ போடுற காபியில முதல் டம்ளர் எனக்குத்தான் வரும், அவ புருஷனுக்குக் கூட அப்புறம்தான். அப்படிப்பட்ட பொண்ணு இப்ப ஒரு மாசத்துக்கு மேல அவ அம்மா வீட்டுல உட்கார்ந்திருக்கு. எதுக்குங்கிறீங்க? வெள்ளரிக்காய்க்கு.

ஆடிக் கடைசியில மொட்டை மாடியில பை பையா வாங்கி வச்சா. மண்ணு, தென்னைநார்த் தூளு, காஞ்ச சாணி எல்லாம் அவளே கலந்து வெள்ளரி விதை ஊனினா. ஏம்மா, இது கடையில கிடைக்காததான்னு கேட்டேன். அவ அம்மாவுக்கு வெள்ளரின்னா உசிராம். சின்ன வயசுல அப்பா இல்லாம இவளை வளர்த்த அந்தம்மா, வேலை முடிஞ்சு வரும்போது ஒரு கட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிட்டு வருமாம். ரெண்டு பேரும் வாசப்படியில உட்கார்ந்து திம்பாங்களாம். அதனால கன்னிக்காயை அம்மாவுக்குக் கொடுக்கணும் மாமான்னு சொன்னா. கன்னிக்காய்னா தெரியுமில்ல, கொடியில முதல்ல காய்க்கிறது. வீட்டுல திங்கக் கூடாது, வெளிய கொடுக்கணும். நானா இருந்தா எங்க தெருப் பிள்ளையாருக்குக் கொடுத்திருப்பேன். பெத்த தாய்னு வந்துட்டா பிள்ளையார் என்ன சொல்லப் போறாரு. சரின்னுட்டேன்.

கொடி நல்லாத்தான் வந்தது. கயிறு கட்டி ஏத்தி விட்டோம், துணி காயப்போடுற கம்பி வரைக்கும் போயிருச்சு. பூவும் வந்தது. அதுல ரெண்டு தினுசு சார். ஒரு தினுசுல பூவுக்குப் பின்னாடியே குட்டியா ஒரு வெள்ளரிக்காய் ஒட்டிக்கிட்டு இருக்கும். இன்னொரு தினுசு வெறும் காம்பு. மேல பூ, கீழ ஒண்ணும் கிடையாது. அது காய் பிடிக்காத பூ. காலையில விரியும், சாயங்காலம் வதங்கும், அப்புறம் உதிர்ந்து தரையில கிடக்கும், நாம கூட்டி அள்ளணும். தண்டப் பூ.

நான் யோசிச்சேன். மஞ்சப் பூ குருவுக்கு விசேஷம். எனக்கோ குரு சரியான இடத்துல இல்லைன்னு ஜோசியர் சொல்லியிருந்தாரு. கீழ விழப் போறதைச் சாமிக்குப் போட்டா பூவுக்கும் ஒரு கதி ஆச்சு, கொடிக்கும் பாரம் குறையும். அன்னையில இருந்து தினம் விடிஞ்சதும் மேல போவேன். காய் ஒட்டாத பூவாப் பார்த்து, ஒண்ணு விடாம பறிச்சுக்கிட்டு வந்துடுவேன். எல்லா வேலையிலயும் நான் அப்படித்தான், அரைகுறை கிடையாது. நல்லாக் கவனிங்க. காய் ஒட்டியிருந்த பூவை நான் தொட்டதே கிடையாது. அவ ஆசையா வச்ச கொடி, அதுல காய் போற காரியத்தை நான் செய்வேனா?

அவளுக்கு இது தெரியாது. காலையில அவளுக்கு அடுப்படியே சரியா இருக்கும், அதுக்குள்ள ஸ்கூல் வேன் ஹார்ன் அடிச்சுடும். அவ போனப்புறம்தான் என் பூஜை. சாயங்காலம்தான் மாடி ஏறுவா. நானும் சொல்லிக்கலை. செய்யிற உபகாரத்தையெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்பத்தான் பிஞ்சு விழ ஆரம்பிச்சது. விரல் நீளம் வரும், நுனியில மஞ்சளாகும், சுருங்கும், தொட்டா கையோட வந்துடும். ஒண்ணு போனா அடுத்தது. அது போனா அதுக்கு அடுத்தது. யோகா புளிச்ச மோர் தெளிச்சா. வேப்பெண்ணெய் தெளிச்சா. ஒண்ணும் கேட்கலை. தினம் சாயங்காலம் மேல போகும்போது இருக்கிற முகம் கீழ வரும்போது இருக்காது. சாப்பாட்டுல உப்பு கூடும், குறையும், நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருநாள் போன்ல என்னமோ பார்த்துட்டு வந்து சொன்னா. "ஆண் பூவே இல்ல மாமா. அது இல்லாம எப்படிக் காய் பிடிக்கும்? மொட்டா இருக்கும்போது பார்க்குறேன், மறுநாள் சாயங்காலம் காணோம். அணிலா என்னன்னு தெரியலை, எதுவோ தின்னுட்டுப் போயிடுது."

இப்ப உங்ககிட்ட நேராக் கேட்கிறேன், நாம ரெண்டு பேரும் ஆம்பளைங்க. அந்த ரெண்டு பூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுல வெறும் காம்பு. இன்னொண்ணுல பூவுக்குக் கீழ இத்துனூண்டு வெள்ளரிக்காய் நீட்டிக்கிட்டு நிக்குது. இதுல எது ஆண் பூ? நீங்களே சொல்லுங்க. விவரமாச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். அந்த நீட்டிக்கிட்டு நிக்கிறதுதானே வாடி வாடி விழுது, அதைத்தான் காணோங்கிறான்னு நான் எடுத்துக்கிட்டேன்.

கேட்டிருக்கலாமேங்கிறீங்க. ஏம்மா, இதுல ஆண் எதும்மான்னு மருமககிட்ட ஒரு மாமனார் போய் நிக்க முடியுமா சார்? மகனைக் கேட்கலாம்னா அவன் எனக்கு மேல. நாங்க ரெண்டு பேரும் கரண்ட் பில்லைத் தவிர வேற விஷயம் பேசி வருஷக்கணக்காச்சு. விசாலம் இருந்தா அவளைக் கேட்கச் சொல்லியிருப்பேன். அவ கேட்டு வந்து சொல்லியிருப்பா.

சரி, இது திருட்டுக் கேஸுன்னு முடிவு பண்ணிட்டேன். காவலுக்கு உட்கார்ந்தேன். விடிஞ்சதும் மாடியில நாற்காலியைப் போட்டு, கையில ஒரு விசில். ரிட்டயர் ஆன அன்னைக்கு ஒரு கண்டக்டர் கொடுத்தது. வெயில் ஏறுற வரைக்கும் கண்ணைக் கொடியில இருந்து எடுக்க மாட்டேன். அணில் வரலை. கிளி வரலை. தேனீ ஒண்ணு ரெண்டு வந்து சுத்தும், அதையும் துண்டால அடிச்சு விரட்டிடுவேன். காவல் முடிஞ்சதும் என் பூவைப் பறிச்சுக்கிட்டுக் கீழ வந்துடுவேன். நானே பக்கத்துல இருக்கேன், ஒரு ஈ காக்கா கொடியில வாய் வைக்கலை. ஆனாலும் பிஞ்சு விழுது. அப்ப என்ன அர்த்தம்? இது வெளி ஆள் வேலை இல்லை.

கள்ளிக்குடி வந்துருச்சா? பரவாயில்லை, நேரம் இருக்கு.

சின்னப் பிள்ளையில உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, அழுகிப் போயிரும். காட்டணும்னா விரலை மடக்கி, இந்தா, இப்படிக் காட்டணும். எங்க வீட்டுல எல்லாரும் மடக்கித்தான் காட்டுவோம். யோகாவும் அப்படித்தான். டீச்சரா இருந்தாலும் அதுல எல்லாம் சரியா இருப்பா. அப்ப நீட்டினது யாரு?

சம்பந்தியம்மா. பேரு குருவம்மாள். முதல் பிஞ்சு வந்த சமயத்துல ஒரு கல்யாணத்துக்கு மதுரைப் பக்கம் வந்தவங்க, எங்க வீட்டுல ரெண்டு மூணு நாள் தங்கியிருந்தாங்க. மக வச்ச கொடின்னு சந்தோஷம், காலையில சாயங்காலம் மாடிக்குப் போயி, இங்க ஒண்ணு, அந்தா ஒண்ணுன்னு காட்டிக்கிட்டே இருந்தாங்க. ஆள்காட்டி விரலை இரும்புக் கம்பி மாதிரி நீட்டி. நான் அப்பவே கவனிச்சேன். அந்தம்மாவுக்கு அது பழக்கம் சார். சாப்பிடும்போதும் அந்த விரல் மட்டும் சோத்துல படாம தனியா நிக்கும். கும்பிடும்போது மத்த விரலை விட்டு முன்னாடி வரும். காபி டம்ளரைப் பிடிச்சா என்னைக் காட்டிக்கிட்டு இருக்கும். சம்பந்தி கொஞ்சம் மிடுக்கான ஆளு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

புரட்டாசியில மறுபடியும் வந்தாங்க. அப்ப கொடியில ஒரே ஒரு பிஞ்சுதான் மிச்சம். யோகா அதுக்கு மேல ஒரு பழைய துணியைக் கூடக் கட்டி மறைச்சு வச்சிருந்தா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எல்லாரும் மாடியில நிக்கிறோம். அந்தம்மா துணியை விலக்கிப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, இந்தா இருக்கு பாருங்க"ன்னு விரலை நீட்டிட்டாங்க. கையும் களவுமா மாட்டினா நாம சும்மா இருக்க முடியுமா?

மரியாதையாத்தான் சொன்னேன். வாங்க போங்கன்னுதான் சொன்னேன். "சம்பந்தி, விரலை மடக்குங்க. இத்தனை பிஞ்சையும் தின்னது இந்த விரல்தான்." இவ்வளவுதான் சார் நான் சொன்னது.

அந்தம்மா கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. கீழ போயி, சிங்க்ல கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவி வச்சாங்க. அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டு, ஊருல வேலை இருக்குன்னு கிளம்பிட்டாங்க. மறுநாள் போறதாத்தான் வந்தவங்க.

அவங்களை பஸ் ஏத்திட்டு வந்து யோகா என் முன்னாடி நின்னா. அதுவரைக்கும் அவ என் முகத்தைப் பார்த்து நேராப் பேசினதே இல்லை. "மாமா, எங்க அம்மாவுக்கு அந்த விரல் மடங்காது. காலண்டருக்குத் தகரம் அடிக்கிற மிஷின்ல மாட்டின விரல் அது. கட்டுப் பிரிச்ச மறுநாளே வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வச்சாங்க."

எனக்கு எப்படித் தெரியும் சார்? பொண்ணு பார்க்கப் போனப்ப ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. அந்தம்மா வருஷா வருஷம் எங்க வீட்டுக்குக் காலண்டர் கொண்டு வருவாங்க. நானும் நல்ல ஆணியாப் பார்த்து மாட்டுவேன். அது மேல இருக்கிற தகரத்தை யாரு கவனிக்கிறா? தேதியைத்தான் பார்ப்போம்.

கஷ்டமாத்தான் இருந்தது. இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் ஒரு நியாயம் சொன்னேன். மிஷின்ல மாட்டின விரல்னா மனுஷனுக்குப் புரியும், பிஞ்சுக்குப் புரியுமா? அதுக்கு நீட்டின விரல் நீட்டின விரல்தானே. இதைச் சொன்னதும் யோகா உள்ள போயிட்டா. பாலமுரளி என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்னைக்குக் கரண்ட் பில்லும் பேசலை.

காலாண்டு லீவு விட்டதும் அவ அம்மா வீட்டுக்குப் போனா. லீவு முடிஞ்சும் வரலை, ஸ்கூலுக்கு லீவு எழுதிப் போட்டுட்டாளாம். பாலமுரளிக்கு விருதுநகர்ல வேலை. அங்கிருந்து போய் வரப் பக்கமா இருக்குப்பான்னு அவனும் துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வீட்டுல நானும் கொடியும்தான். நான் ஒருத்தனுக்கு உலை வைக்கிறது, அதுல மிஞ்சினதைத் தண்ணி ஊத்தி வச்சு மறுநாள் திங்கிறது, டிவியைச் சத்தமா வைக்கிறது. காலையில காபி போட்டா ரெண்டு டம்ளர் வந்துடுது சார், எனக்கு அளவு தெரியலை.

கொடிக்கு மட்டும் ஒரு நாளும் தண்ணி விடாம இருந்ததில்லை. அவ வச்சதாச்சே.

விருதுநகர் வருது பாருங்க. எண்ணெய் வாசம் வந்தா விருதுநகர். இனிமேதான் முக்கியமான கட்டம்.

ஐப்பசி பொறந்ததும் எங்க பங்காளி ஒருத்தர் இறந்து போனாரு, சித்தப்பா மகன். உங்களுக்குத் தெரியாததா, பங்காளி தீட்டு வந்துட்டா காரியம் முடியிற வரைக்கும் வீட்டுல விளக்கு ஏத்தக் கூடாது. பூஜை அறையைச் சாத்தி வச்சுட்டேன். அந்தச் சமயத்துலதான் சார் அதிசயம் நடந்தது. பிஞ்சு உதிராம நின்னுச்சு. முதல்ல ஒண்ணு, நான் நம்பலை. அப்புறம் அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. அப்புறம் பார்த்தா எந்த இலையைத் தூக்கினாலும் கீழ ஒண்ணு தொங்குது. பொரியல் பண்ணினேன், பச்சடி பண்ணினேன், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், பால்காரருக்குக் கொடுத்தேன். காய்க்கிறது ஓயவே இல்லை.

நான் விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து யோசிச்சேன். அதே கொடி. அதே மண்ணு. அதே தண்ணி. மாறினது என்ன? சம்பந்தியம்மா வர்றதில்லை. அது ஒண்ணுதான். கேஸ் முடிஞ்சுது. அதான் ஒரு பை நிறையப் பறிச்சுக்கிட்டு நேராப் போறேன். சண்டைக்குப் போகலை. வீட்டுக்கு வாம்மான்னு கூப்பிடவும் போகலை. பையை நடுவீட்டுல வச்சுட்டு, பாருங்க, நான் சொன்னது சரியா இல்லையான்னு கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவேன். உண்மை தெரிஞ்சா அவளே வந்துடுவா.

அடியில தனியா ஒரு துணியில சுத்தி இருக்கே, அதுவா? அது கன்னிக்காய். தீட்டுல கோயிலுக்குக் கொடுக்க முடியாது. அப்புறம், யோகா அவ அம்மாவுக்குன்னு ஏற்கெனவே சொல்லி வச்சது. அதை நான் பறிக்கலை, கொடியிலயே விட்டு வச்சேன், அவ வந்து பறிக்கட்டும்னு. அவ வரலை. முத்திப் பழுத்து மஞ்சளாவே போயிருச்சு. இன்னைக்குத்தான் அறுத்தேன்.

என்ன கேட்டீங்க? சாமிக்குப் பூவா? தீட்டுல ஏது சார் பூஜை. பூஜையே இல்லைன்னா பூ எதுக்கு? பறிக்கவே இல்லை. எல்லாம் கொடியிலதான் இருந்தது. முந்தாநாள்தான் காரியம் முடிஞ்சு வீட்டைக் கழுவி விட்டேன். இன்னைக்குக் காலையிலதான் திரும்ப ஆரம்பிச்சேன், இந்தா காதுல இருக்கே, அந்தப் பூதான்.

ஏன் சார் அப்படிப் பார்க்குறீங்க?

சொல்லுங்க. இல்லை, பரவாயில்லை, சொல்லுங்க. உங்க வீட்டுலயும் பூசணி இருக்கா. சரி. ம். இதா? இந்த வெறும் காம்பா? இதுவா ஆண்? அப்ப அந்தக் காய் ஒட்டினது? ஓ. பொறக்கும்போதே காயை வயித்துல வச்சிருக்கு. வயித்துல வச்சிருந்தா பொம்பளைதான். நான் வேற எதையோ நினைச்சுக்கிட்டேன். தேனீயா? தேனீ இதுல இருந்து எடுத்து அதுல கொண்டுபோய் வைக்குமா? நான் துண்டால அடிச்சேனே சார்.

உங்களுக்கு இது யாரு சொன்னா? உங்க சம்சாரமா. ம். உங்களுக்குச் சொல்றதுக்கு ஆள் இருக்கு.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

தினம் பறிச்சேன் சார். ஒண்ணு விடாம. அணில் கூட ஒண்ணு ரெண்டு விட்டு வச்சிருக்கும். அவ என்கிட்டயே வந்து ஆண் பூவைக் காணோங்கிறா, நான் பகல் முழுக்க அதையே காதுல வச்சிருந்துட்டு, அவகிட்ட தலையை ஆட்டிக்கிட்டு நின்னிருக்கேன். அவ வர்றதுக்குள்ள வதங்கிப் போயிரும், எடுத்துப் போட்டுடுவேன், அதனால அவ கண்ணுல படலை. சாமிக்குத்தானே போட்டேன். சாமியும் தினம் வாங்கி வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்காரு.

பாலமுரளி சொல்லியிருக்கலாம். படிச்ச பையன், அப்பா எதைப் பறிக்கிறாருன்னு ஒருநாள் மேல ஏறி வந்து பார்த்திருக்கலாம். சரி விடுங்க. நான் இப்ப பக்கத்து ஆளைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன்.

எனக்கு அந்தப் பாத்திரம் கழுவினதுதான் சார் மனசுல நிக்குது. அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுட்டு, கீழ போய் என் காபி டம்ளரையும் சேர்த்துக் கழுவி வச்சுட்டுப் போனாங்க. அந்த விரலை வச்சுக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கிறது லேசா இருக்காது. நான் திரும்பிக் கூடப் பார்க்கலை. பிஞ்சுக்குத் துணியை இழுத்து மூடிக்கிட்டு இருந்தேன்.

இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கங்க. ரெண்டா எடுத்துக்கங்க, பிஞ்சாத்தான் இருக்கு. இனிமே இது சாட்சி இல்லை, வெறும் வெள்ளரிக்காய்தான். கன்னிக்காயை மட்டும் தொடாதீங்க.

இந்தப் பூவையும் காதுல இருந்து எடுத்துடுறேன். எங்க வைக்கிறது? பையிலயே போடுறேன், காயோட கிடக்கட்டும். யோகா பார்த்தா அவளுக்கு உடனே விளங்கிடும், நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்காது. இல்லை, சொல்லணும். இதை நானே வாயைத் திறந்துதான் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை. சர்வீஸ்ல நூத்துக்கணக்கான பேரு என்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு, சார், தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தனையும் நான் நம்பினதில்லை.

திரும்பிப் போற பஸ் இருக்குமான்னு கேட்டா சிரிப்பீங்க. சரி, கேட்கலை.

திருத்தங்கல் வந்துருச்சு. பஸ் ஏறும்போது பாலமுரளிக்குப் போன் பண்ணினேன், அவன்தான் சொல்லியிருப்பான், அப்பா வர்றாருன்னு. அவன் ஆபீஸ்ல இருப்பான், யோகா வருவாளோ மாட்டாளோன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். அந்தா நிக்கிறது யாருன்னு பாருங்க. டீக்கடை ஓரத்துல, பச்சைச் சேலை. சம்பந்தியம்மா. வெயில்ல வந்து தனியா நிக்கிறாங்க, என்னைக் கூட்டிட்டுப் போக. ஜன்னல்ல என்னைப் பார்த்துட்டாங்க. டீக்கடைக்காரர்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டே கையைத் தூக்குறாங்க, இந்தா எங்க அண்ணாச்சி வந்துட்டாருன்னு. விரலைப் பாருங்க சார். கொஞ்சம் கூட மடங்கலை. நேரா என்னைத்தான் காட்டுது.

காட்டட்டும். வழி விடுங்க, நான் இறங்கணும்.